கூடத்தில் கேட்டவரும் தெருவில் கேட்டவரும்: தி. ஜானகிராமனின் ‘செய்தி’யை முன்வைத்துத் தமிழ்ப் புனைகதையில் அன்றாட இசைக்கேள்வி

ஆய்வுச் சுருக்கம்

தி. ஜானகிராமனின் ‘செய்தி’ என்னும் சிறுகதை, இசைக்கு மொழியும் நாடும் தடையில்லை என்ற கருத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வருகிறது. கதையில் கேட்பவர் யார், எங்கிருந்து கேட்கிறார், எந்தப் பயிற்சியோடு கேட்கிறார் என்ற வினாக்களை அவ்வாசிப்பு எழுப்புவதில்லை. கோயில், திருமணம், தெரு ஆகிய இடங்களில் செவ்வியல் இசை அன்றாடத்தோடு பிணைந்திருந்த நிலையைப் பின்புலமாகக் கொண்டு இக்கட்டுரை அக்கதையை மறுவாசிப்புச் செய்கிறது. மௌனியின் ‘பிரபஞ்ச கானம்’, ஜானகிராமனின் ‘மோகமுள்’ ஆகியன ஒப்புநோக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாகசுரம், இசைக்கேள்வி, தி. ஜானகிராமன், மௌனி, மல்லாரி, வானொலி

பண்ணும் பொழுதும்

புறநானூற்றின் 149ஆம் பாடல் வன்பரணர் கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடியது. மாலையில் மருதப்பண்ணையும் காலையில் செவ்வழிப்பண்ணையும் இசைக்கும் அளவுக்குப் பாணர் தம் மரபை மறந்துவிட்டனர் என்றும், அதற்கு நள்ளியின் கொடையே காரணம் என்றும் புலவர் கூறுகிறார். பண்ணுக்கும் பொழுதுக்கும் இடையிலிருந்த உறவுக்குச் சான்றாக இப்பாடல் இசைத்தமிழ் ஆய்வுகளில் எடுத்தாளப்பெறுகிறது. அது முறையே. எனினும் இப்பாடலுக்குள் இன்னொரு செய்தியும் உண்டு. புகழ்ச்சியின் சுவை முழுவதும், மருதம் காலைக்கும் செவ்வழி மாலைக்கும் உரியன என்பதை முன்னரே அறிந்த கேட்பவரை நம்பி நிற்கிறது. அவர் பாணர் அல்லர். யாழ் மீட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பொழுது புலர்வதோடும் சாய்வதோடும் சேர்த்து இசையைக் கேட்டுப் பழகியவராக இருந்தால் போதும்.

இசைத்தமிழ் வரலாறு பண்களையும் கருவிகளையும் நூல்களையும் பாடுநரையும் விரிவாக எழுதியிருக்கிறது. பழகிய செவியை உடைய இந்தப் பெயரற்ற கேட்பவருக்கு அவ்வரலாற்றில் இடம் அரிதாகவே கிடைத்திருக்கிறது. கல்வெட்டு ஆடுநருக்கும் பாடுநருக்கும் அளித்த நிலத்தைக் கூறும், கேட்டவரைக் கூறாது. இருபதாம் நூற்றாண்டின் இசை விமரிசனமும் அரங்கில் வந்து அமர்ந்த சுவைஞரையே பெரிதும் கருத்தில் கொண்டது. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதிய விமரிசனங்கள் இசையறிவு குறைந்த வாசகரையும் அரங்கை நோக்கி அழைத்தன என்பது மெய்யே. ஆயினும் அழைக்கப்பட்டவர் ஏற்கெனவே எங்கே, எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவற்றின் பொருளாகவில்லை. அதனை அறியப் புனைகதையிடம்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

கேட்க எண்ணாமல் கேட்டவர்

காவிரிப்படுகையின் கோயில் ஊர்களில் நாகசுரம் ஒரு கலைநிகழ்ச்சி என்பதைவிட முறைப்பணி என்னும் தகுதியையே முதலில் பெற்றிருந்தது. விடியலில் பூபாளம், பௌளி. பள்ளியறை நேரத்தில் நீலாம்பரி, ஆனந்தபைரவி என்ற வகையில் வழிபாட்டுக் காலங்களோடு இராகங்கள் இணைக்கப்பட்டிருந்தன. இறைவன் திருமேனி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிக்கப்படும். மல்லாரியிலும் தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி எனப் பிரிவுகள் உண்டு. திருமஞ்சனத்திற்கு நீர் கொண்டுவரும்போது ஒன்று, அமுது படைக்கப்படும்போது மற்றொன்று, தேர் நகரும்போது வேறொன்று என அவை பயன்பட்டன.

மல்லாரிக்குப் பாடல்வரி கிடையாது. ஆகவே சொற்பொருள் வழியாக அதனை அறிய வழியில்லை. மடைப்பள்ளியிலிருந்து தளிகை வருகிறதா, சுவாமி கோபுரவாயிலைத் தாண்டிவிட்டாரா என்பதைத் தன் வீட்டு அடுக்களையில் இருந்தபடியே ஒரு பெண் கணித்துக்கொள்ள முடிந்தது என்றால், வாசிப்பின் நடையையும் காலப்பிரமாணத்தையும் அவள் செவி வேறுபடுத்தி அறிந்திருந்தது என்பதே பொருள். கேட்க வேண்டும் என்ற எண்ணம் இன்றியே அவ்வறிவு சேர்ந்தது. இராகப் பெயரைக் கேட்டால் அவள் விழித்திருக்கக்கூடும். இதனை இசையறிவு என்று ஏற்பதா என்ற வினாவுக்கு நம் கல்விப்புலம் இன்னும் தெளிவான விடை கூறவில்லை.

இந்நிலையைப் பொற்காலமாகக் காட்டுவது பிழையாகும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939இல்தான். மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கும் நாகசுரத்தின் ஒலி எட்டியிருக்கும். திறந்தவெளிக்கென உருவான கருவியின் ஒலியை மதில் தடுக்காது. எட்டிய ஒலியைத் தமக்குரியதாகக் கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி. வாசித்தவரின் நிலையும் உயர்ந்ததாக இல்லை. கோயிலுக்கும் ஊர்வலத்திற்கும் இன்றியமையாத அக்கலைஞர், வாய்ப்பாட்டுக்காரருக்கு இயல்பாகக் கிடைத்த மேடை மரியாதையைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) வாழ்க்கையில் அவருடைய தோடியோடு இந்த மரியாதைக்கான பிடிவாதமும் சேர்ந்தே பேசப்படுவதற்குக் காரணம் இதுவே. அன்றாடத்தில் கலந்திருப்பது ஒரு கலைக்குச் செல்வாக்கையும் தரும். அக்கலைஞரை எளியவராகக் கருதும் பழக்கத்தையும் தரும். ‘செய்தி’ தொடங்கும் இடம் இந்த இரண்டாவது நிலைதான்.

‘செய்தி’: வழக்கமான வாசிப்பும் கதையும்

‘சிவப்பு ரிக்ஷா’ தொகுப்பில் இடம்பெற்ற இக்கதையின் நிகழ்ச்சி எளிது. மூத்த நாகசுர வித்துவான் ஒருவருக்குத் தம் மகன் தங்கவேலு திரைப்பாட்டு மெட்டுகளின் பக்கம் சாய்வது பற்றி மனக்கசப்பு. ஊரிலுள்ள வக்கீல் ஒருவரின் இல்லத்திற்குப் பிலிப் போல்ஸ்கா என்ற மேலைநாட்டு இசையறிஞர் தம் குழுவினரோடு வருகிறார். பிள்ளை அவர்களுக்காக வாசிக்கிறார். சாமா இராகத்தில் அமைந்த தியாகராசரின் ‘சாந்தமுலேகா’ கீர்த்தனை தொடங்கியதும் போல்ஸ்கா தன்னை இழக்கிறார்; அதனையே திரும்ப வாசிக்குமாறு வேண்டுகிறார். வாசிப்பு முடிந்ததும் அதில் தமக்கு ஒரு செய்தி கிடைத்ததாகக் கூறுகிறார். உலகத்தின் கூச்சலுக்கும் போருக்கும் மேலாக எழும் அமைதியைத் தாம் கேட்டதாக அவர் விளக்க, வக்கீல் அதனைப் பிள்ளைக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். அமைதி இல்லாவிடில் இன்பம் இல்லை என்பதே கீர்த்தனையின் பொருள். தெலுங்கும் தமிழும் அறியாதவர் அதே பொருளை எட்டியது பிள்ளையை வியப்பில் ஆழ்த்துகிறது. வாசித்த விரல்களை அவ்விருந்தினர் முத்தமிடும் இடம் கதையின் உச்சம்.

இசை உலகப்பொதுமொழி என்ற முடிவை இந்நிகழ்ச்சியிலிருந்து பெறுவது எளிது. வகுப்பறைகளிலும் அதுவே நிகழ்கிறது. ஆனால் கதை அவ்வளவு எளிதாக எதையும் ஒப்புக்கொடுப்பதில்லை.

முதலாவதாக, போல்ஸ்கா பயிற்சியற்ற கேட்பவர் அல்லர். இசையையே தொழிலாகக் கொண்டு, பிற நாட்டு இசைகளைக் கேட்பதற்கென்றே பயணம் செய்பவர். மொழி அறியாமை அவரிடம் உண்டு. செவி அறியாமை இல்லை. அவரைக் காட்டி, எவரும் எதையும் கேட்டு உணரலாம் என்று முடிவுகட்டினால், கதாசிரியர் அக்கறையோடு அமைத்த தேர்வைப் புறக்கணித்தவர்களாவோம். ஒரு வழிப்போக்கரை ஜானகிராமன் அந்த இடத்தில் அமர்த்தியிருக்கலாம். அமர்த்தவில்லை.

இரண்டாவதாக, போல்ஸ்கா கேட்டது சாமாவைத்தான். அரிகாம்போதியின் சேய் இராகமான இது விரைந்த ஓட்டத்துக்கும் ஆரவாரத்துக்கும் இடம் தருவது குறைவு. நீண்ட கார்வைகளில் நின்று வெளிப்படுவது. நாகசுரமோ இயல்பில் பெருத்த ஒலியுடைய கருவி. அத்தகைய கருவியில், வீட்டின் உள்ளே, தணிந்த நடையில் சாமா ஒலிப்பது கூச்சலுக்கு நடுவே எழும் அமைதியாகக் கேட்டிருப்பின் அதில் மாயம் எதுவும் இல்லை. கருவியின் உரமும் இராகத்தின் அடக்கமும் ஒன்றோடொன்று முரணும் ஓசையமைப்பிலேயே அச்செய்தி இருக்கிறது. சாகித்தியத்தின் பொருளை அவர் ‘கண்டுபிடித்தார்’ என்பதைக் காட்டிலும், தியாகராசர் எந்த ஓசைப்பண்பு கருதிச் சாமாவைத் தேர்ந்திருக்கக்கூடுமோ அதனைப் பயின்ற செவி ஒன்று அடையாளம் கண்டது என்று கூறுவதே பொருந்தும். இசை தெரிந்த எழுத்தாளர் இந்த இராகத்தைத் தற்செயலாக எடுத்திருப்பார் என்று நம்புவது கடினம்.

மூன்றாவது செய்தியே இக்கட்டுரைக்கு முதன்மையானது. இக்கதையில் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் போல்ஸ்கா அல்லர், பிள்ளைதான். அக்கீர்த்தனையை அவர் எத்தனையோ முறை வாசித்திருக்கக்கூடியவர். அது அவருக்குக் கைப்பழக்கம், பாடாந்தரம், பிழைப்பு. அன்றாடத்தில் ஊறியதனாலேயே அதன் பொருள் அவர் செவிக்கு எட்டாத தொலைவுக்குப் போயிருந்தது. விருந்தினரின் சொற்களை வக்கீல் தமிழில் எடுத்துரைக்கும்போதுதான் தம் வாசிப்பை அவர் வெளியில் நின்று கேட்கிறார். ஆகவே கதைத்தலைப்பில் உள்ள ‘செய்தி’ போல்ஸ்காவுக்குப் போய்ச் சேர்ந்ததோடு நிற்பதில்லை. அங்கிருந்து திரும்பி, அனுப்பியவரிடமே வந்து சேர்கிறது. மொழி தேவையில்லை என்று கூறுவதாகக் கொள்ளப்படும் இக்கதையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் இந்தத் திரும்பும் பயணம் நிகழ்ந்திருக்காது. விமரிசகர்கள் வக்கீலை நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்த துணைப்பாத்திரமாகக் கடந்துவிடுவது வியப்பளிக்கிறது.

வக்கீல் வீட்டுக் கூடமும் கருதத்தக்கது. அங்கே ஒலிப்பது கோயிலின் காலமுறைக்கு உட்பட்ட நாகசுரம் அன்று. தேர் நகரவில்லை, தாலி கட்டப்படவில்லை. பயன்பாட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, கேட்பதற்கென்று மட்டுமே அமர்ந்திருப்போர் முன் அது வைக்கப்படுகிறது. சென்னையில் 1927ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாடும், அதன் விளைவாக 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமியும் நிலைபெறச் செய்த கேட்கும் முறை இதுவே: இருக்கை, அமைதி, குறித்த நேரம், கலையன்றி வேறு அலுவல் இன்மை. தஞ்சைப் பகுதியின் ஒரு வீட்டுக்குள் அந்த முறையைச் சிறிய அளவில் அமைத்துப் பார்க்கிறது கதை. அவ்வமைப்பு பிள்ளைக்கு ஒன்றைத் தருகிறது என்பதை மறுக்க இயலாது. கோயிலில் அவருடைய விரல்களை எவரும் முத்தமிட்டிருக்க மாட்டார்கள். அந்த மதிப்பு அயலவர் ஒருவர் வந்து தர வேண்டியிருந்தது என்பதில் கதை மறைவாக வைத்திருக்கும் கசப்பு, அதன் உச்சக்காட்சியின் நெகிழ்ச்சியில் பலருக்கும் கண்ணில் படாமற் போகிறது.

தங்கவேலுவின் மெட்டுகள்

கதையின் குறை ஒன்றையும் சுட்ட வேண்டும். தங்கவேலுவின் திரைப்பாட்டு நாட்டம் தந்தையின் பார்வையிலிருந்து மட்டுமே அளக்கப்படுகிறது. பிள்ளையின் சினம் அவருக்கு இயல்பானது. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் அச்சினத்தைச் சற்று விலகி நின்று நோக்கும் வேறொரு பார்வை கதைக்குள் வலுப்பெறவில்லை. இக்காலத் திரைப்பாட்டு செவ்வியல் இசைக்குப் புறத்தே நின்றதா என்பது ஐயத்திற்குரியது. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படத்தில் பாபநாசம் சிவன் இயற்றி, எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய சாருகேசிப் பாடலை நினைவுகூர்ந்தால் போதும். அவ்விராகத்தின் பெயரை அறியாத எண்ணற்றோர் அதன் உருவத்தை அறிந்தனர். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவரும் கொட்டகையில் சீட்டு வாங்கிக்கொண்டு அமர முடிந்தது. தரையில் அமர்ந்தாலும் அது அவர் விலை கொடுத்துப் பெற்ற இடம்.

திருமண ஊர்வலத்தில் நின்றுகொண்டு திரைமெட்டை வாசிக்கச் சொல்பவர்கள் தங்கவேலுவிடம் வேண்டியது இந்தப் பழகிய உருவத்தையே. அதை மலிவு என்று ஒதுக்குவது, அடுக்களையிலிருந்து மல்லாரியை அறிந்த பெண்ணின் அறிவை இசையறிவாக ஏற்க மறுப்பதோடு ஒத்தது. இரண்டும் பெயர் தெரியாத அறிவுகள். இரண்டும் அலுவல்களுக்கு நடுவே சேர்ந்தவை. முன்னதற்குக் கோயிலின் புனிதம் துணை நின்றது, பின்னதற்கு அது இல்லை. வேறுபாடு இசையில் இருப்பதாகப் பேசப்படுகிறது. பெரும்பகுதி சூழலில் இருக்கிறது.

பாடக்கூடாத பெண்

அன்றாட இசை என்றதும் வீட்டுப் பெண்களின் பாட்டு நினைவுக்கு வரும். நவராத்திரிக் கொலு, ஊஞ்சல், நலங்கு, லாலி எனச் சடங்குகள் சில குடும்பங்களில் அதற்கு இடம் கொடுத்தன. அவ்வீடுகளில் பெண் பார்க்க வருவோர் முன் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்காட்டுவதும் வழக்கமாக இருந்தது. இசை அங்கே திருமணத் தகுதிகளுள் ஒன்று. திருமணம் முடிந்ததும் அதன் தேவையும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

மௌனியின் ‘பிரபஞ்ச கானம்’ இந்தச் சூழலை நேரடியாக விவரிப்பதில்லை. அவருடைய கதைகளில் சமூகச் செய்திகள் பனிமூட்டத்துக்குள் நிற்பவை. இதயநோய் காரணமாகப் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்ட பெண். அவள் குரலைக் கேட்டவன், அடைபட்ட அக்குரலோடு பிரபஞ்சத்தின் இசையே அவளுக்குள் அடைபட்டுவிட்டதாக உணர்கிறான். திருமணச் சூழலில் அவள் தடையை மீறிப் பாடுகிறாள், உயிரிழக்கிறாள். இக்கதையின் மீபொருண்மைத் தளம் குறித்து நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. கேட்பவனின் நிலை அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. அவள் பாடாதபோதும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஊரின் ஒலிகளிலும் வெறுமையிலும் அவள் குரலின் இன்மையை உணர்கிறான். அவனுடைய அழகனுபவம் முழுமை பெற அவள் பாட வேண்டும். பாடினால் அவள் இருக்கமாட்டாள். தன் கேள்விக்கு அவள் என்ன விலை தந்தாள் என்ற வினா அவனுக்குள் எழுவதில்லை. ‘செய்தி’யில் வாசித்தவருக்குக் கேட்டவர் ஒன்றைத் திருப்பித் தருகிறார்; இங்கே கேட்டவன் பெற்றுக்கொள்வதோடு சரி. மௌனியின் மொழி இந்தச் சமனின்மையை அழகால் மூடிவிடுகிறது என்று கருத இடமுண்டு. மூடியதனாலேயே அது ஆழமாகப் பதிந்துள்ளது என்றும் எதிர்வாதம் செய்யலாம். எவ்வாறாயினும், அன்றாடத்தில் இசையைக் கண்டடைதல் பற்றிய பேச்சில் பாடியவள் எங்கே போனாள் என்று கேட்க வைக்கும் முதன்மையான தமிழ்க்கதை இதுவே.

ரங்கண்ணாவின் பாடம்

‘செய்தி’யில் ஓர் அமர்வுக்குள் நிகழ்ந்துவிடும் விழிப்பு, ‘மோகமுள்’ நாவலில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கும்பகோணத்தில் பாபுவுக்குக் கற்பிக்கும் ரங்கண்ணா, மேடையை நோக்கி மாணவனைத் தள்ளுவதில்லை. அன்றாட ஒலிகளுக்கும் செவிகொடுக்கும்படி அவனைப் பழக்குகிறார். நாதம் எங்கும் நிறைந்துள்ளது என்ற கோட்பாட்டைச் சொல்லிக் கொடுப்பது எளிது. கவனிக்கப் பழக்குவது கடினம். இவ்வேறுபாட்டை ஜானகிராமன் நன்கு அறிந்திருந்தார். வடக்கிலிருந்து வந்த பாடகர்களின் குரல்வளத்தைக் கேட்ட பின் தன் குரலின் போதாமையைப் பாபு உணர்வதும், பாலூர் ராமுவின் வழியில் கச்சேரிப் புகழை விரைந்து தேட மறுப்பதும் இப்பயிற்சியின் விளைவுகள். இவ்வகையில் ‘மோகமுள்’ளே ‘செய்தி’க்குத் தகுந்த உரையாகும். போல்ஸ்காவின் செவி எவ்வாறு உருவாகியிருக்கும் என்பதைக் கதை சொல்லவில்லை. நாவல் பாபுவின் வழியாகச் சொல்கிறது.

ஆயினும் ரங்கண்ணாவின் வகுப்புக்கு ஓய்வு வேண்டும். ஒலியைக் கவனித்துக்கொண்டு நிற்க, அன்றைய பிழைப்பு ஏதோ ஒரு வகையில் கவனிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒலியை எழுப்பும் உழைப்பாளிக்கு அதில் சுருதியைத் தேட நேரம் உண்டா என்பதை நாவல் கேட்பதில்லை.

அந்நேரத்தை ஓரளவு ஈடுசெய்தது வானொலி எனலாம். சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொதுவிடங்களின் ஒலிபெருக்கிகள் வழியாகச் சொந்தமாக வானொலிப்பெட்டி இல்லாதவரும் இசை கேட்டனர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கின. காலை ஒலிபரப்பின் தொடக்கத்தில் வந்த மங்கல இசை, கோயிலுக்கு அருகில் குடியிராதவர் வீட்டுக்கும் நாகசுரத்தைப் பொழுதோடு சேர்த்துக் கொண்டுவந்தது. பல் துலக்கும்போதும் உலை வைக்கும்போதும் பௌளி கேட்டது. ஜானகிராமனே வானொலியின் கல்வி ஒலிபரப்பில் பல்லாண்டு பணியாற்றியவர். எனினும் அவருடைய புனைகதையில் இசையின் உச்சங்கள் எதிரெதிர் அமர்ந்த மனிதருக்கிடையில்தான் நிகழ்கின்றன. தம் தொழிற்களமான அக்கருவியின் வழி கேட்டவரை அவர் ஏன் இசைக்கதையின் நாயகராக்கவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது.

ஒத்துக்காரர்

நாகசுரக் குழுவில் ஒத்து ஊதுபவர் ஒருவர் உண்டு. ஒரே சுருதியை விடாது பிடித்துக்கொண்டு, விடியற்காலைப் பூபாளம் முதல் பள்ளியறை நீலாம்பரி வரை அனைத்தையும் மிக அருகில் நின்று கேட்பவர். இராகம் எதனையும் அவர் வாசிப்பதில்லை. நெடுநாள் ஒத்துப்பிடித்தலே நாகசுரக் கல்வியாக அமைந்ததும் உண்டு. வாழ்நாள் முழுதும் ஒத்தோடு நின்றவரும் உண்டு. கூலிக்குக் கேட்டவரா, சுவைத்துக் கேட்டவரா என்று அவரைப் பிரித்தறிய வழியில்லை. வக்கீல் வீட்டுக் கூடத்தில் பிள்ளை எழுப்பிய சாமாவுக்கு அடியில் இத்தகைய ஒரு சுருதி ஒலித்துக்கொண்டேயிருந்திருக்கும். விமரிசனம் இன்றுவரை போல்ஸ்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; சுருதி பிடித்தவரின் பக்கம் அது திரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சுருதிப்பெட்டி வந்து ஒத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. குழுவில் ஓர் ஆள் குறைந்தார், கூலி மிச்சமாயிற்று. தினமும் மிக அருகில் நின்று கேட்ட ஒரு செவியும் அங்கிருந்து அகன்றது.